மூலிகைகளும் சோதனைக் குழாயும்
ஒட்சியேற்ற எதிர்ப்பு, பற்றீரியா எதிர்ப்பு ஆய்வுகளின் பொருளும் எல்லையும்

முன்னுரை

தடிமனும் காய்ச்சலும் கண்ட வீடுகளில் முதலில் அடுப்பேறுவது பெரும்பாலும் கொத்தமல்லிக் குடிநீரே. அதனோடு வேர்க்கொம்பு சேர்ப்போர் உளர். மரமஞ்சள் துண்டைச் சேர்ப்போரும் உளர். காயத்திற்கு மஞ்சளும், இருமலுக்கு ஆடாதோடையும், வயிற்றுப் பொருமலுக்கு உள்ளியும் இந்நாட்டு மக்களின் கைம்மருந்துகளாகத் தலைமுறை பலவாக வழங்கி வந்துள்ளன. இவை பயனுடையனவா என்ற வினாவுக்கு இன்று இருவகை விடைகள் கூறப்படுகின்றன. முன்னோர் கண்டவை யாவும் உண்மையே, விஞ்ஞானம் அவற்றை இப்பொழுதுதான் மெய்ப்பித்து வருகிறது என்பது ஒரு விடை. இவை வெறும் நம்பிக்கைகள், நவீன மருந்துகளின் முன் நில்லா என்பது மற்றைய விடை. இரண்டும் சான்றுகளை ஆராயும் தொல்லையிலிருந்து மனத்தை விடுவிப்பன என்ற வகையில் ஒன்றையொன்று ஒத்தனவேயாகும்.

முதலாவது விடையைக் கூறுவோர் பெரிதும் எடுத்துக்காட்டுவன, 'இன்ன தாவரத்தின் இலைச்சாற்றின் ஒட்சியேற்ற எதிர்ப்பும் பற்றீரியா எதிர்ப்பும்' என்னும் வகையில் ஆண்டுதோறும் பெருந்தொகையாக வெளிவரும் ஆய்வுக்கட்டுரைகளாகும். நம் பல்கலைக்கழகங்களின் இரசாயனவியல், தாவரவியல், சித்த மருத்துவத் துறைகளில் மாணவர் பலர் தம் முதல் ஆய்வாக மேற்கொள்வதும் இத்தகையதே. செலவு குறைவு, உபகரணங்கள் எளியவை, மூலப்பொருள் வேலியோரத்திலேயே கிடைப்பது. ஆயினும் அச்சோதனைகள் உண்மையில் எதனை அளக்கின்றன, எதனை அளக்கவில்லை என்பது தெளிவாக விளக்கப்படுவது அரிது. அதனை விளக்குவதும், அவ்விளக்கம் ஏன் ஒரு சமூகத் தேவையாகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவரம் இச்சேர்வைகளை ஏன் ஆக்குகின்றது?

தாவரம் ஓடமாட்டாது; ஒளியமாட்டாது. பூச்சி, பங்கசு, பற்றீரியா, மேயும் விலங்கு, கடும் வெயில் ஆகிய அனைத்தையும் நின்ற இடத்தில் நின்றே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளின் கூர்ப்பில் இத்தேவைக்கு அது கண்ட விடை இரசாயனமாகும். பீனோல்கள், தனின்கள், தரப்பீன்கள், அற்கலோயிட்டுகள் என நாம் வகைப்படுத்தும் சேர்வைகளுட் பல இவ்வாறு தோன்றிய படைக்கலங்களே. ஒளித்தொகுப்பின்போது தாவரக் கலத்தினுள் ஓயாது உண்டாகும் தாக்குதிறன்மிக்க ஒட்சிசன் வகைகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் அதற்குப் பாதுகாப்பு வேண்டியுள்ளது.

எனவே ஏறத்தாழ எந்தப் பச்சிலையை அரைத்துச் சாறெடுத்தாலும் அதில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சேர்வை சிலவும், ஏதாவதொரு நுண்ணங்கியைத் தடுக்கும் சேர்வை சிலவும் இருத்தல் இயல்பே. இப்பண்புகள் காணப்பட்டமை அத்தாவரம் மருந்து என்பதற்குச் சான்றாகாது. அது தாவரம் என்பதற்கே சான்றாகும். அச்சேர்வைகள் தாவரத்தின் நலன் நோக்கித் தோன்றியவை. மனிதனின் நலன் நோக்கித் தோன்றியவை அல்ல. அவற்றுட் சில நமக்கு மருந்தாவதும் சில நஞ்சாவதும் இதனாலேயே.

ஒட்சியேற்ற எதிர்ப்பு: நிறம் மாறுவதன் பொருள்

சாதாரண மூலக்கூறுகளில் இலத்திரன்கள் சோடிசோடியாக அமைந்திருக்கும். சோடியற்ற தனி இலத்திரனொன்றைக் கொண்ட அணுத்தொகுதி சுயாதீன மூலிகம் எனப்படும். அது தன் குறையைப் போக்க அயலிலுள்ள மூலக்கூறொன்றிலிருந்து இலத்திரனைக் கவரும். கவரப்பட்ட மூலக்கூறு தானும் மூலிகமாகும். இவ்வாறு தாக்கம் சங்கிலியாகத் தொடரும். தேங்காயெண்ணெய் நாட்பட்டுக் காறல் அடிப்பது இத்தகைய சங்கிலித் தாக்கத்தின் விளைவே. சங்கிலியின் இடையே புகுந்து தன் ஐதரசன் அணுவையோ இலத்திரனையோ ஈந்து, தான் உறுதியான நிலையில் அமைந்துவிடும் சேர்வையே ஒட்சியேற்ற எதிரி. பீனோல்கள் இதற்கு ஏற்ற அமைப்புடையன.

1900ஆம் ஆண்டில் மோசசு கொம்பேர்க் முதலாவது உறுதியான காபன் மூலிகத்தை இனங்கண்டார். அரை நூற்றாண்டின் பின், 1956இல், மூப்படைதலுக்கு மூலிகங்களே காரணமாகலாம் என்னும் கருதுகோளை டெனம் ஹாமன் வெளியிட்டார். 1969இல் மக்கோர்ட், பிரிடோவிச் ஆகியோர், சுப்பரொட்சைட்டு மூலிகத்தை அகற்றுவதற்கென்றே உடலில் ஒரு நொதியம் உண்டென்று கண்டனர். இவற்றால் மூலிகங்கள் உயிரியலின் மையப் பொருள்களுள் ஒன்றாயின.

ஆய்வுகூடங்களில் இன்று மிகுதியாகக் கையாளப்படும் முறை மாசுடன் புளொயிசு 1958இல் விவரித்ததாகும். டிபிபிஎச் எனச் சுருக்கமாக வழங்கும் சேர்வை ஓர் உறுதியான நைதரசன் மூலிகம். அதன் மெதனோற் கரைசல் கடும் ஊதா நிறமுடையது. 517 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவது. மூலிகைச் சாற்றைச் சேர்த்ததும் ஊதா மங்கி மஞ்சளாகும். நிறத்தைப் பாதியாகக் குறைப்பதற்கு வேண்டிய செறிவே பெறுபேறாக எழுதப்படுகின்றது. முறை எளிது, மலிவு, அரை மணி நேரத்தில் முடிவது. சேர்வைகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தவும், உணவெண்ணெய் காறாது காக்கும் பொருள்களைத் தேடவும் அது பயன்படும்.

ஆனால் டிபிபிஎச் மனித உடலில் இல்லாத பொருள். மெதனோல் மனித உடலின் ஊடகமும் அன்று. ஒரு கோப்பை வெறுந்தேநீரும் இச்சோதனையில் சிறப்பாகச் சித்தியெய்தும். இதனினும் முக்கியமானது அளவு பற்றிய வினாவாகும். நம் கலங்களினுள் குளுற்றாதயோன் என்னும் இயல்பான காப்புச் சேர்வை மில்லிமூல் அளவிற் செறிந்துள்ளது. குருதியில் யூரிக்கமிலம் சில நூறு மைக்குரோமூல் அளவிலும், விற்றமின் சீ பல பத்து மைக்குரோமூல் அளவிலும் காணப்படுகின்றன. உண்ட தாவரப் பீனோல்களுட் பல குடலிற் சிறிதளவே உறிஞ்சப்பட்டு, ஈரலில் உடனே மாற்றப்பட்டு, குருதியிற் பெரும்பாலும் ஒரு மைக்குரோமூலை அண்டிய அளவிலேயே சில மணி நேரம் நிற்கின்றன. பெருங்குளத்தில் ஒரு குடம் நீரை வார்ப்பதற்கு இஃது ஒப்பாகும். அவை உடலில் நன்மை புரிவதாயின், மூலிகங்களை நேரே தணிப்பதனால் அன்றி, கலத்தைச் சற்றே சீண்டி அதன் சொந்தக் காப்பு நொதியங்களை மிகுதியாக ஆக்கத் தூண்டுவதனாலேயே ஆகலாம் என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்தாகும்.

மேலும் மூலிகங்களைத் தணித்தல் எப்பொழுதும் நன்மையே என்ற எடுகோளும் பொய்த்துள்ளது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடாத்தப்பட்டு 1994இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், நாள்தோறும் பீற்றா கரோட்டீன் உட்கொண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பீற்றா கரோட்டீனையும் விற்றமின் ஏயையும் சேர்த்து வழங்கிய மற்றொரு பெரும் பரிசோதனையிலும் அந்நோய் 28 சதவீதம் கூடியமையால் 1996 சனவரியில் அது இடையில் நிறுத்தப்பட்டது. உணவுப் பொருள்களின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலுவை எண்களாற் பட்டியலிட்டிருந்த ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம், அவ்வெண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றும், வணிகர் அவற்றைத் தவறாகக் கையாளுகின்றனர் என்றும் கூறி 2012இல் அப்பட்டியலை அகற்றியது.

பற்றீரியா எதிர்ப்பு: வளையமும் செறிவும்

இரண்டாவது சோதனை இன்னும் பழக்கமானது. பெத்திரிக் கிண்ணத்தில் ஏகார் ஊடகத்தின் மீது பற்றீரியாக்களைப் பரப்பி, சாற்றில் தோய்த்த கடதாசி வட்டைத் தட்டொன்றை அதன்மீது வைப்பர். மறுநாள் தட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத வெறுவளையம் தோன்றின் அதன் விட்டத்தை அளப்பர். வைத்தியசாலைகளில் நுண்ணுயிரெதிரிகளைத் தெரிவதற்கு 1966இல் ஒழுங்குபடுத்தப்பட்ட முறையே மூலிகைச் சாறுகளுக்கும் கடனாகப் பெறப்பட்டுள்ளது.

ஆயின் வளையத்தின் அகலம் சேர்வையின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அது ஏகாரினூடு எவ்வளவு விரைவிற் பரவுகின்றது என்பதையும் பொறுத்தது. நீரிற் கரையாத கறுவா எண்ணெய் போன்றவை வலிமையுடையனவாயினும் ஏகாரிற் சரிவரப் பரவமாட்டா. தரப்படுத்தப்படாத சாறுகளின் வளையங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருளற்றது. வளர்ச்சியைத் தடுக்கும் இழிவுச் செறிவை அளத்தலே தக்க முறையாகும். அவ்வாறு அளந்தால், நுண்ணங்கிகளிலிருந்து பெறப்படும் நுண்ணுயிரெதிரிகள் மில்லிலீற்றருக்குச் சில மைக்குரோகிராமிலும் அதனினுங் குறைவாகவும் தொழிற்பட, தாவரச் சேர்வைகளுட் பெரும்பாலானவை 100 முதல் 1000 மைக்குரோகிராம் வரை வேண்டி நிற்பதைக் காணலாம்.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஒரு சாற்றின் இழிவுச் செறிவு மில்லிலீற்றருக்கு 500 மைக்குரோகிராம் எனக் கொள்வோம். வளர்ந்தோர் ஒருவரின் உடல்நீர் ஏறத்தாழ 40 லீற்றர். அச்செறிவை உடலெங்கும் எய்துவதற்கு 20 கிராம் உலர்சாறு குருதியிற் சேர வேண்டும். உண்டதில் இருபதில் ஒரு பங்கே உறிஞ்சப்படுமாயின் 400 கிராம் சாற்றை உண்ண வேண்டும். இலையின் நிறையிற் பத்தில் ஒரு பங்கே சாறாகக் கிடைக்குமாயின் அதற்கு 4 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். அதுவும் ஒரே வேளைக்கு. கிண்ணத்தில் தோன்றிய வளையத்தைக் கொண்டு நியுமோனியாவைக் குணப்படுத்தலாம் எனக் கூறுவது எத்துணைப் பொருந்தாதது என்பது இதனாற் புலனாகும்.

எனினும் இக்கணக்கின் மறுபுறமும் உண்டு. காயம், தோல், வாய், குடல் ஆகிய இடங்களிற் சேர்வை குருதியினூடு செல்லாது நேரே பொருந்துவதால் உயர்ந்த செறிவை எய்துதல் கூடும். நம் கைம்மருந்துகளுட் பல பூச்சு, கழுவுநீர், கொப்புளிநீர், வயிற்று மருந்து என அமைந்திருத்தல் இங்குக் கருதத்தக்கது. பல்வைத்தியர் இன்றும் கையாளும் கராம்பெண்ணெயின் இயூஜினோல் இதற்கு நல்ல உதாரணம்.

ஆக்கும் முறையும் முக்கியமானதே. உள்ளிப் பல்லில் முழுதாக இருக்கும்வரை அல்லிசின் இல்லை. நசுக்கும்போது, வேறுவேறு இடங்களில் இருந்த அலியினும் அலினேசு என்னும் நொதியமும் கலந்து அல்லிசின் உண்டாகின்றது. அதனை 1944இல் கவலிற்றோ, பெயிலி ஆகியோர் பிரித்தெடுத்துப் பற்றீரியா எதிர்ப்பை நிறுவினர். நசுக்காது முழுப் பல்லாக வேகவைத்தால் நொதியம் அழிய, அல்லிசின் தோன்றுவதில்லை. ஆகவே 'உள்ளி பற்றீரியாவைக் கொல்லுமா?' என்ற வினாவுக்கு, 'எந்த உள்ளி, எவ்வாறு ஆக்கியது?' என்பதே முதல் மறுமொழியாதல் வேண்டும்.

மரமஞ்சள் தரும் பாடம்

மரமஞ்சளின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் பெர்பெரின் என்னும் அற்கலோயிட்டு. இது நேரேற்றமுடையது, பற்றீரியாக் கலத்தினுட் புகுந்து அதன் மரபுப்பொருளோடு பிணையவல்லது. ஆயினும் தனியாகச் சோதித்தால் அதன் வலிமை நடுத்தரமானதே. கிராம் எதிர்வகைப் பற்றீரியாக்களின் புறமென்சவ்வு அதனை உட்புகவிடாது தடுக்கின்றது. கிராம் நேர்வகையைச் சேர்ந்த பொற்கோளப் பற்றீரியாவோ உட்புகுந்த பெர்பெரினைப் பம்பி போன்ற ஒரு புரதத்தால் வெளியேற்றிவிடுகின்றது.

2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் சிலர் வியக்கத்தக்க ஓர் உண்மையை வெளியிட்டனர். பெர்பெரினை ஆக்கும் பெர்பெரிசுச் செடிகள் சிலவற்றில் மெதொட்சிஐதனோகார்ப்பின் என்னும் வேறொரு சேர்வையும் உண்டு. அது தானாகப் பற்றீரியாவைக் கொல்வதில்லை, அப்பம்பியை அடைத்துவிடுகின்றது. வாயில் அடைபட, பெர்பெரின் கலத்தினுள் தங்கி வலிமை பெறுகின்றது. கொல்லும் படையையும் அதற்கு வழிகாக்கும் படையையும் ஒரே தாவரம் ஆக்குகின்றது.

சாற்றைக் கூறுகூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்துச் செல்லும் வழக்கமான முறையில் இரண்டாவது சேர்வை 'பயனற்றது' எனக் கழிக்கப்பட்டிருக்கும்; முதலாவது 'வலுவற்றது' எனப்பட்டிருக்கும். முழுமூலிகையும் கூட்டுமருந்துமே சிறந்தவை எனக் கூறும் சுதேச வைத்தியர் இதனைத் தம் கூற்றுக்கு ஆதரவாகக் காட்டுதல் இயல்பு. கூட்டுத்தொழிற்பாடு உண்டு என்பதற்கு இஃது ஆதரவே; ஆனால் ஒவ்வொரு கூட்டுமருந்திலும் அது உண்டு என்பதற்கு ஆதரவன்று. ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுவப்படல் வேண்டும்.

பெர்பெரின் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வங்காளதேசத்தில் வயிற்றோட்ட நோயாளரிடம் நடாத்தப்பட்டு 1987இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், நஞ்சுசுரக்கும் கோலி பற்றீரியாவால் உண்டான வயிற்றோட்டத்தை அது கணிசமாகக் குறைத்தது. கொலராவில் அத்துணைப் பயன் தெரியவில்லை. இந்நற்பயன் பற்றீரியாவைக் கொன்றமையால் அன்றி, குடலின் நீர்ச்சுரப்பைத் தணித்தமையால் விளைந்ததென்றே கருதப்படுகின்றது. கிண்ணத்து வளையத்தை மட்டும் நோக்கியிருப்பின் இப்பயன் தவறவிடப்பட்டிருக்கும். சோதனைக் குழாய் மிகைப்படுத்துவது போலவே சில வேளை குறைத்தும் மதிப்பிடுகின்றது.

இரு பண்புகளுக்கும் இடையிலான முரண்பாடு

ஒட்சியேற்ற எதிர்ப்பும் பற்றீரியா எதிர்ப்பும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே தலைப்பில் எழுதப்படுகின்றன. இவற்றினிடையே ஓர் அடிப்படை முரண்பாடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் உடல் பற்றீரியாவைக் கொல்லக் கையாளும் முதன்மையான கருவிகளுள் ஒன்று ஒட்சியேற்றமே. குருதியின் வெண்கலங்கள் கிருமியை விழுங்கியதும் ஒட்சிசனைப் பெருமளவிற் கவர்ந்து சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு, ஐப்போகுளோரசமிலம் ஆகியவற்றை ஆக்கி அதன்மீது பொழிகின்றன. இந்நொதியத் தொகுதி பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் மீண்டும் மீண்டும் கடும் தொற்றுநோய்களுக்கு ஆளாகின்றனர். மூலிகங்களை யாவும் பகையெனக் கருதுவோர் இக்குழந்தைகளை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேலும், பீனோல்கள் தம் இலத்திரனை டிபிபிஎச்சுக்கு ஈவதுபோலவே வளர்ப்பூடகத்திற் கரைந்துள்ள ஒட்சிசனுக்கும் ஈயவல்லன. அப்போது விளைவது ஐதரசன் பேரொட்சைட்டு. அது பற்றீரியாவைக் கொல்லும் பொருள். தேயிலையின் கற்றெக்கின் வகைச் சேர்வையொன்று ஊடகத்தில் இவ்வாறு தொழிற்படுவது நன்கறியப்பட்டதே. ஆகவே ஒரே சாறு முதற் சோதனையில் ஒட்சியேற்ற எதிரியாகவும், இரண்டாவது சோதனையில் ஒட்சியேற்றியாகவும் நடித்திருத்தல் கூடும். கட்டுரையோ இரண்டையும் நற்பண்புகளாகக் கூட்டி எழுதிவிடுகின்றது.

தாவரத்திலிருந்து பெறப்பட்ட மருந்துகளுட் பெருவெற்றி ஒன்று இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. மலேரியாவுக்கு மருந்து தேடும் சீன அரசின் திட்டம் 1967இல் தொடங்கியது. அதிற் பணிபுரிந்த து யூயூ, நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹொங்கின் நூலில், சிங்காவோச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறப்பட்டிருப்பதையும், காய்ச்சுமாறு கூறப்படாததையும் கவனித்தார். வெப்பமே மருந்தை அழிக்கின்றதென ஊகித்து, தாழ்ந்த கொதிநிலையுடைய ஈதரைக் கரைப்பானாகக் கொண்டு 1971இல் வெற்றி கண்டார். அதனால் வெளிப்பட்ட ஆட்டிமிசினின் பேரொட்சைட்டுப் பாலமொன்றைக் கொண்டது. ஒட்டுண்ணியினுள் இரும்போடு தாக்கமுற்று மூலிகங்களை ஆக்கியே அதனைக் கொல்கின்றது. 2015இல் நோபெற் பரிசு பெற்ற இம்மூலிகை மருந்து ஒட்சியேற்ற எதிரியன்று, அதற்கு நேர்மாறானது. பழைய நூல் ஒரு வழியைக் காட்டியது. ஆனால் விலங்குப் பரிசோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, நோயாளரிடைப் பரிசோதனை ஆகியவற்றைக் கடந்த பின்னரே அவ்வழி மருந்தாயிற்று.

இயற்கை என்பதால் தீங்கற்றதா?

1990களின் தொடக்கத்தில் பெல்சியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த குளிசைகளை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிப்புற்றோர் தொகை நூற்றைத் தாண்டியது. பெயரொற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிசுத்தொலோக்கியா இனமொன்று கலக்கப்பட்டமையே காரணமெனத் தெரியவந்தது. அதிலுள்ள அரிசுத்தொலோக்கிக்கமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் விளைவிப்பது. மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பதென ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பொருள்களின் வகுப்பில் அது இன்று வைக்கப்பட்டுள்ளது. நம் வைத்திய மரபில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்தும் இதே சாதியைச் சேர்ந்தவை.

இத்தீங்கு ஓரிரு நாளிற் புலப்படுவதன்று; ஆண்டுகள் பல கழிந்த பின்னரே புலப்படுவது. ஆதலால் நீண்டகால வழக்கு மட்டும் ஒரு மூலிகையின் பாதுகாப்புக்குப் போதிய சான்றாகாது. உடனே வாந்தியெடுக்கச் செய்யும் நஞ்சை மரபு இலகுவிற் கண்டுகொள்ளும். இருபது ஆண்டு கழித்துக் கொல்லும் நஞ்சை மரபு கண்டுகொள்வது அரிது. ஒட்சியேற்ற எதிர்ப்புச் சோதனையும் பற்றீரியா எதிர்ப்புச் சோதனையும் இத்தீங்கைக் காட்டமாட்டா.

யாருக்காக இந்த ஆய்வு?

இவ்வினா வெறும் முறையியல் வினாவன்று. நாட்டுக்கு வேண்டிய மருந்துகளின் மிகப் பெரும் பகுதி இறக்குமதியாகவே வருகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் இன்றியமையா மருந்துகளும் தட்டுப்பட்டன. மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது முன்வைக்கப்பட்ட கொள்கை தெளிவானது: தேவையான மருந்துகளைத் தேர்ந்து, வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால், நியாயமான விலையில் மக்களுக்கு வழங்குதல். பயன் நிறுவப்படாத மருந்தை விலக்குதல் அக்கொள்கையின் உயிர்நாடி. அது பன்னாட்டுக் கம்பனியின் குளிசைக்கு எவ்வாறு பொருந்துமோ அவ்வாறே உள்ளூர் இலேகியத்துக்கும் பொருந்தும். ஏழைக்கு மலிவான மருந்து வேண்டும் என்பது உண்மை. ஏழைக்குச் சோதிக்கப்படாத மருந்து போதும் என்பது அதன் பொருளன்று.

2020 திசெம்பரில், கொவிட் நோய்க்கு மருந்தெனக் கூறப்பட்ட, தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்றைப் பெறுவதற்காகக் கேகாலை மாவட்டத்திற் பல்லாயிரவர், தொற்று பரவியிருந்த அந்நாளில், நெருக்கியடித்துத் திரண்டனர். அதனை வெளிப்படையாக அருந்திய அரசியற்றலைவர் சிலரும் பின்னர் நோய்வாய்ப்பட்டனர். அம்மக்களை அறியாமைக்காரர் என ஏளனஞ் செய்வது எளிது. அஞ்சிய மக்களுக்கு, ஒரு மருந்து பயன்தரும் என்பதை எவ்வாறு அறிவது என விளக்க வேண்டியவர்கள் எவ்விடத்தில் இருந்தார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

மறுபுறத்தில் மருந்தெதிர்ப்புப் பெற்ற பற்றீரியாக்கள் உலகெங்கும் பெருகிவருகின்றன. 2019இல் மட்டும் 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்கள் நேரடியாக இவற்றால் விளைந்தன என 2022இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. புதிய நுண்ணுயிரெதிரிகளை ஆக்குவதில் இலாபம் குறைவென்று பெருங் கம்பனிகள் பல அத்துறையை விட்டு நீங்கியுள்ளன. ஆகவே மரமஞ்சட் பம்பி போன்ற வழிகளைத் தேடும் ஆய்வு, இலாபத்தைக் குறியாகக் கொள்ளாத பொதுப் பல்கலைக்கழகங்களின் கடமையாகின்றது.

அறிவுக்கு உரிமையாளர் யார் என்ற வினாவும் உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் அச்சேறிய கட்டுரைகளையும் சான்றாகக் காட்டியதனால் 1997இல் அது இரத்தாயிற்று. எழுத்திற் பதிந்த அறிவே அங்கு வென்றது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களும், பரியாரிமார் வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளும் இவ்வகையிற் பொதுச் சொத்துகளாகும். அதேவேளை, அதே மஞ்சளின் குர்க்குமின் பற்றி 2017இல் வெளியான விரிவான மதிப்பீடு, அச்சேர்வை நிலையற்றது, குருதியிற் சேராதது, தன் நிறத்தாலும் ஒளிர்வினாலும் அளவீடுகளையே ஏமாற்றவல்லது எனச் சுட்டியமையையும் மறைத்தலாகாது. நம் உரிமையைக் காப்பதும் நம் மருந்தைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல.

முடிவுரை

மூலிகைச் சாறொன்று நிறத்தை மாற்றியது, வளையத்தைத் தோற்றுவித்தது என்பன ஒரு நெடும்பயணத்தின் முதலடிகள், முடிவுகள் அல்ல. அப்பயணம் வீண்போகாது என்பதற்கு ஆடாதோடை சான்று. அதன் வசிசின் என்னும் அற்கலோயிட்டை முன்மாதிரியாகக் கொண்டே சளியை இளக்கும் புரொமெக்சீன் ஆக்கப்பட்டது. வேலியோரத்துச் செடியிலிருந்து உலக மருந்தகம் வரை செல்லும் வழி உண்டு. அதில் குறுக்குவழிதான் இல்லை.

ஆகவே நம் ஆய்வுகூடங்களிற் சில ஒழுங்குகள் வழக்காதல் வேண்டும். ஆய்ந்த தாவரத்தின் மாதிரி இனங்காணப்பட்டு உலர்தாவரத் தொகுப்பில் வைக்கப்படல் வேண்டும். பெயர்க்குழப்பம் உயிரைக் குடிக்கும் என்பதைப் பெல்சியம் காட்டியது. வளையத்தோடு நில்லாது இழிவுச் செறிவும், அறியப்பட்ட மருந்தொன்றின் ஒப்பீடும் தரப்படல் வேண்டும். மனிதக் கலங்களை அதே செறிவு என் செய்கின்றது என்பதும் உடன் சோதிக்கப்படல் வேண்டும். மரபு கூறும் ஆக்கமுறையிலேயே, நீரிலோ நெய்யிலோ, சாறெடுத்துச் சோதித்தல் வேண்டும்; மெதனோலில் எவரும் குடிநீர் காய்ச்சுவதில்லை. பயனில்லை என்ற பெறுபேறும் வெளியிடப்படல் வேண்டும். காட்டிலிருந்து வெட்டப்படும் மரமஞ்சள் மெல்ல வளர்வது; அருகிவருவது. ஆய்வின் பெயராலும் வணிகத்தின் பெயராலும் அது அழியாது காக்கப்படல் வேண்டும்.

இவை பெருஞ் செல்வத்தை வேண்டுவன அல்ல. பொறுமையையும் நேர்மையையும் வேண்டுவன. முன்னோரை மதித்தல் என்பது அவர் கூற்றை அப்படியே ஒப்புவித்தலன்று. ஒவ்வொரு செடியையும் கையிலெடுத்து, நோயோடு பொருத்திப் பார்த்து, தம் அனுபவத்தை ஏட்டிற் பதிந்து சென்றவர் அவர். நம் காலத்துக் கருவிகளைக் கொண்டு அப்பணியைத் தொடர்வதே அவர்க்கு நாம் செய்யும் மதிப்பாகும்.